சைக்கோசிஸ் மாத்திரையால் எடை ஏறினால்: மருந்தை மாற்றுவதா, கூட ஒன்று சேர்ப்பதா, வாயைக் கட்டுவதா?

"மாத்திரை நல்லா வேலை செய்யுது, குரல் கேக்குறது நின்னுடுச்சு, ஆனா நாலு மாசத்துல பதினோரு கிலோ ஏறிடுச்சு, என்ன பண்றது?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் அம்மாவோ, அக்காவோ, மனைவியோ. மாத்திரை போடுகிறவரே கேட்பது குறைவு. அவர் கேட்கும்போது யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியே சில வாரம் ஆகியிருக்கும்.

நான் மருத்துவர் இல்லை, தம்பியோடு இதையெல்லாம் கடந்து வந்த அக்கா, அவ்வளவுதான். அவனுக்கு இருபத்திரண்டு வயதில் சைக்கோசிஸ் வந்தது, அதாவது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நிஜம் என்று நம்புவது. அதற்கான ஒலான்சபின் மாத்திரையை ஆரம்பித்தார்கள், இரண்டு வாரத்தில் பயம் அடங்கித் தூங்க ஆரம்பித்தான். அப்புறம்தான் ராத்திரிச் சத்தம் தொடங்கியது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். விளக்கைப் போட்டால் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பான், ருசித்துச் சாப்பிடுகிறவன் முகமாகவே அது இருக்காது. "வயிறு நிறையவே மாட்டேங்குது அக்கா" என்பான். அம்மா திட்டுவார். மூன்று மாதத்தில் பெல்ட்டின் நுனிப் பக்கம் ஆணியைச் சுட்டு இரண்டு புது ஓட்டை போட்டுக்கொண்டான்.

அவன் சொன்னது நிஜம். இந்த மருந்துகளில் சில, மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் வேலை செய்யும் இடங்களை அடைத்துவிடுகின்றன, அதனால் "போதும்" என்கிற உணர்வே மங்கிப்போகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் நினைத்த ஐந்து மாதம்தான் இந்தக் கதையில் வீணாய்ப் போன காலம். அந்த ஐந்து மாதமும் அவனை ஒருவரும் எடை பார்க்கவில்லை, பாருங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

இது அழகு பற்றிய கவலை இல்லை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதில் பெரும்பங்கு மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், நுரையீரல் நோய் போன்ற உடம்பு சார்ந்த காரணங்கள். பழியை முழுக்க மாத்திரை மேல் போடவும் முடியாது. சிகரெட், நாள் முழுக்கப் படுக்கை, வாய் வறட்சிக்கு இனிப்புக் குளிர்பானம், அப்புறம் நெஞ்சு வலிக்கிறது என்றால்கூட "எல்லாம் மனசுதான்" என்று தட்டிக்கழிக்கிற நம் பழக்கம், எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. மருந்தே தொடாத முதல் கட்ட நோயாளிகளிடம்கூட ரத்தச் சர்க்கரை கொஞ்சம் தடுமாறுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

எந்த வழியில் எத்தனை கிலோ குறையும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. எனக்கு அது மூன்றாவது கேள்வி.

முதலில், நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? ஒரு வருடமாக அமைதியா, போன மாதம்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாரா? இதற்குமுன் எத்தனை மருந்து முயன்று தோற்றது? இரண்டாவது, எடுத்த முடிவு தப்பாகப் போனால் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பலாம்? எடைக்காகக் கூடச் சேர்க்கிற மெட்ஃபார்மின் மாத்திரை ஒத்துவராவிட்டால் நாளைக்கே நிறுத்தலாம், வயிறு சரியாகிவிடும். மருந்து மாற்றி நோய் திரும்பினால் அப்படி இல்லை, பழைய மருந்தே அடுத்த முறை பழைய மாதிரி கேட்கும் என்றும் உறுதியில்லை. மூன்றாவதுதான் கிலோ. நான்காவது, தினப்படி உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பது. யாரும் வெளியில் சொல்வதில்லை, ஆனால் பாதித் திட்டங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன.

இன்னொன்று, எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும்? ஆரம்ப எடையில் 7 சதவீதம் என்பது மருத்துவத்தில் வழக்கமான எல்லைக்கோடு. 60 கிலோ இருந்தவருக்கு அது நாலு கிலோ சொச்சம். ஆனால் முதல் மாதத்திலேயே 5 சதவீதம் ஏறிவிட்டால், பின்னால் இன்னும் ஏறும் என்பதற்கு அதுவே அறிகுறி, 7 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

| வழி | எடையில் பலன் | கண்ணில் படாத செலவு | நோய் திரும்பும் ஆபத்து |
|---|---|---|---|
| தானாக நிறுத்துவது | கொஞ்சம் குறையலாம் | எல்லாமே | மிக அதிகம் |
| வேறு மருந்துக்கு மாறுவது | சில கிலோ, சிலருக்கு நிறைய | மாறும் மாதங்களின் தவிப்பு | ஆளைப் பொறுத்து |
| மெட்ஃபார்மின் சேர்ப்பது | சராசரி 3 கிலோ | வயிற்றுத் தொந்தரவு, பி12 வைட்டமின் குறைவு | இல்லை |
| உணவு, நடை | தடுப்பதில் நல்லது, குறைப்பதில் சுமார் | வீட்டாரின் உழைப்பு, சண்டை | இல்லை |
| ஜிஎல்பி-1 ஊசி (பசியைக் குறைக்கும் மருந்து) | நல்ல பலன் | விலை, மலச்சிக்கல், நிறுத்தினால் திரும்பும் எடை | இதுவரை பெரிதாகத் தெரியவில்லை |

## யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவது

இதை ஒரு வழியாகச் சேர்ப்பதே தப்பு என்பீர்கள். ஆனால் நிஜத்தில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதனால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. 2012-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 27 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம்.

"மருந்து இதயத்தைக் கெடுக்குதே, நிறுத்தினா உடம்பாவது தப்பிக்குமே" என்று ஒரு வாதம் உண்டு. பின்லாந்தில் 62,000 பேரை இருபது ஆண்டு வரை தொடர்ந்து பார்த்த பதிவேட்டு ஆய்வு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. மருந்து எடுத்த காலத்தைவிட எடுக்காத காலத்தில்தான் இறப்பு அதிகம். எடையை ஏற்றுவதில் முதல் வரிசையில் நிற்கிற குளோசபின் எடுத்தவர்களிடம்தான் இறப்பு மிகக் குறைவு. பதிவேட்டு ஆய்வு என்பதால் காரணத்தை அடித்துச் சொல்ல முடியாது, மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் "நிறுத்தினால் உடம்பு பிழைக்கும்" என்று நம்புவதற்கு ஆதாரம் அதில் இல்லை.

## வேறு மருந்துக்கு மாறுவது

வேரையே பிடுங்குகிற வழி என்று பார்த்தால் இதுதான். எடை ஏற்றுவதில் ஒலான்சபினும் குளோசபினும் முன்னணி. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன் நடுவில். அரிப்பிப்ரசோல், லுராசிடோன், சிப்ராசிடோன், கரிப்ரசின் கீழே. பழைய ஹாலோபெரிடாலும் எடையில் சாதுதான், ஆனால் கை கால் விறைப்பு, நடுக்கம் என்று வேறு பக்கம் வசூலித்துவிடும்.

2011-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை, ஒலான்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் எடுத்துக்கொண்டு நிலையாக இருந்தவர்களில் பாதிப் பேரை அரிப்பிப்ரசோலுக்கு மாற்றிப் பார்த்தது. 24 வாரத்தில் மாறியவர்கள் சராசரியாக 3.6 கிலோ குறைந்தார்கள், மாறாதவர்கள் 0.7 கிலோ. கெட்ட கொலஸ்ட்ராலும் இறங்கியது. நோய் மோசமானவர்கள் எண்ணிக்கையில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. இதுவரை படித்துவிட்டு மருத்துவரிடம் ஓடாதீர்கள். புது மருந்தை நடுவழியில் விட்டவர்கள் 44 சதவீதம், பழையதைத் தொடர்ந்தவர்களில் அதை நடுவழியில் விட்டவர்கள் 25 சதவீதம். மாறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரால் அதில் நிலைக்க முடியவில்லை.

ஏன் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம். ஒரு வருடம் நிலையாக இருந்த பிறகு தம்பியை அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினார்கள். பத்தாவது நாள் ராத்திரி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னால் உட்காருவான், அரை நிமிடத்தில் எழுந்துவிடுவான், உட்கார்ந்திருக்கும்போதும் குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், நோய் திரும்பிவிட்டது என்று. திரும்பவில்லை. இதற்குப் பெயர் அகதீசியா, மருந்து தருகிற கால் தவிப்பு. மருத்துவர் "குரல் கேக்குதா?" என்று கேட்டார். "இல்ல சார், காலுக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கு" என்றான். டோஸைக் குறைத்தார், மூன்று வாரத்தில் அடங்கியது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் டோஸ் ஏற்றப்பட்டிருந்தால் தவிப்பும் ஏறியிருக்கும், 44 சதவீதத்தில் அவனும் ஒருவன்.

மாறும்போது கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. ஒலான்சபினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், குமட்டும், பதற்றம் வரும். அதனால் பழையதை மெல்ல இறக்கிப் புதியதை மெல்ல ஏற்றுவார்கள், அதற்குச் சில வாரமாவது ஆகும். லுராசிடோனை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேர்வது ஏறக்குறைய பாதிதான், 350 கலோரியாவது உள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். சிப்ராசிடோனுக்கு 500 கலோரி, அதுவும் தினம் இரண்டு வேளை. நேரத்துக்குச் சாப்பிடாத ஆளுக்கு இவை காகிதத்தில் மட்டுமே வேலை செய்யும் மருந்துகள். அரிப்பிப்ரசோலில் அரிதாகச் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு போன்ற உந்துதல்கள் வருவதாக 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பணம் எப்படிப் போகிறது என்று வீட்டில் ஒரு கண் இருக்கட்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை புரோலாக்டின் என்கிற ஹார்மோனை ஏற்றி மாதவிடாயை நிறுத்தியிருக்கலாம். அரிப்பிப்ரசோலுக்கு மாறினால் மாதவிடாய் திரும்பும், கூடவே கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். இதை முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

சரி, யாருக்கு இது பொருந்தும்? நோய் பல மாதமாக நிலையாக இருப்பவருக்கு, இது முதல் அல்லது இரண்டாவது மருந்தாகவே இருப்பவருக்கு, மாறும் இரண்டு மூன்று மாதம் பக்கத்தில் ஆள் இருப்பவருக்கு. குளோசபினில் இருப்பவருக்குப் பொருந்தாது. மற்ற மருந்துகள் தோற்ற பிறகுதான் குளோசபினுக்கே வருகிறார்கள், அங்கிருந்து எடைக்காக வெளியேறுவது கரை ஏறியவரை மறுபடி ஆற்றில் தள்ளுவது போல.

## மெட்ஃபார்மின் சேர்ப்பது

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் பழைய, விலை குறைந்த மாத்திரை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடச் சராசரியாக மூன்று கிலோ அதிகம் குறைகிறது. 2008-இல் சீனாவில் 128 பேரை வைத்து நடந்த சோதனை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அது நாம் கேட்கிற கேள்வியையே கேட்டது. மெட்ஃபார்மின் மட்டும், உணவு-உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல் என்று நாலு குழு, 12 வாரம். இரண்டும் சேர்த்தவர்கள் முதலிடம், மெட்ஃபார்மின் மட்டும் இரண்டாவது, உணவு-உடற்பயிற்சி மட்டும் மூன்றாவது. எதுவும் செய்யாதவர்களுக்கு எடை இன்னும் ஏறியது.

மூன்று கிலோதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஏறிய பதினைந்தில் மூன்றைக் குறைப்பது வேறு, பதினைந்து ஏறாமலே பார்த்துக்கொள்வது வேறு. ஒலான்சபின் மாதிரி மருந்து ஆரம்பிக்கும்போதே, அல்லது எடை நகரத் தொடங்கியவுடனே மெட்ஃபார்மினைச் சேர்க்கலாம் என்கிற பக்கம்தான் அண்மைய வழிகாட்டுதல்கள் சாய்கின்றன. எங்களுக்கு அது எட்டாவது மாதத்தில் கிடைத்தது.

தொந்தரவு என்றால் முதல் சில வாரம் வயிற்றுப்போக்கு, குமட்டல். சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் இன்னும் சுலபம். வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம், களைப்பும் பாதத்தில் மரத்துப்போவதும் வந்தால் அதைச் சோதிக்க வேண்டும். களைப்பை மனநோயின் கணக்கிலேயே எழுதிவிட வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது, அதிகம் குடிப்பவருக்கு ஆகாது. கருமுட்டை வெளிவருவது நின்றிருந்த பெண்களுக்கு அது மறுபடி தொடங்கலாம், மேலே சொன்ன அதே எச்சரிக்கை. இன்னொரு சிக்கல், மருந்துக் கடையில் "உங்களுக்கு சுகரா?" என்று கேட்பார்கள். தம்பி அந்தக் கேள்விக்காகவே ஒரு வாரம் மாத்திரை வாங்கப் போகவில்லை.

நோயைத் தொடாமல் எடையை மட்டும் தொடுகிற வழி என்பதால், குழம்பி நிற்கிறவர்களுக்கு முதலில் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

## சாப்பாடும் நடையும் மட்டும்

எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை, கேட்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அறிவுரையும் இதுதான். ஆய்வுகள் இரண்டு விதமாக இருக்கின்றன. 2013-இல் அமெரிக்காவில் 291 பேருக்கு 18 மாதம் தொடர்ந்து வகுப்பும் கூட்டு உடற்பயிற்சியும் தந்தபோது, மற்றவர்களைவிட 3.2 கிலோ அதிகம் குறைந்தது. 2018-இல் பிரிட்டனில் 414 பேருக்கு முதலில் நாலு வாரம் குழு வகுப்பு, அப்புறம் அவ்வப்போது தொடர்பு என்று ஒரு வருடம் நடத்தியதில் வித்தியாசமே இல்லை. நான் புரிந்துகொண்டது, வாரம் பலமுறை யாராவது கூட நின்று செய்தால் பலன் உண்டு, துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பினால் இல்லை.

இது உண்மையில் பிரகாசிப்பது தடுப்பில்தான். சிட்னியில் முதல் முறை சைக்கோசிஸ் வந்த இளைஞர்களுக்கு மருந்து தொடங்கிய கையோடு நர்ஸ், உணவு ஆலோசகர், உடற்பயிற்சி நிபுணர் மூவரையும் 12 வாரம் கூடவே வைத்தார்கள். அவர்களுக்கு ஏறியது 1.8 கிலோ, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.8 கிலோ. ஆள் எண்ணிக்கை சிறியது, ஆனால் வித்தியாசம் சிறியதில்லை.

மறைந்திருக்கும் செலவு வீட்டில் வரும் சண்டை. டப்பாவுக்குப் பூட்டுப் போட்ட வாரம் தம்பி எங்களோடு பேசவில்லை. திட்டுவதைவிட வேலை செய்தவை சின்ன விஷயங்கள். குளிர்பானத்தை வாங்குவதையே நிறுத்திக் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்தோம். எதைச் சாப்பிடலாம் என்று பகலிலேயே அவனையே எடுத்து வைக்கச் சொன்னோம், ராத்திரி பசி வந்தால் கை அதற்குப் போகும். நடைக்கு "போடா" என்று அனுப்பாமல் நானும் செருப்பை மாட்டினேன். உடற்பயிற்சியால் எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் மனதுக்கும் நல்லது, ஆகவே தராசை மட்டும் பார்த்து நடையை நிறுத்திவிடாதீர்கள்.

## ஜிஎல்பி-1 ஊசி

2017-இல் டென்மார்க்கில் ஒரு சோதனை. ஒலான்சபின் அல்லது குளோசபின் எடுக்கும், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 103 பேர். 16 வாரம் இந்த வகை ஊசிகளில் ஒன்றான லிராகுளுடைடு போட்டவர்களுக்கு, வெற்று ஊசி போட்டவர்களைவிட 5.3 கிலோ அதிகம் குறைந்தது, பெரும்பாலோரின் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியது. அதற்குப் பின் வந்த செமாகுளுடைடு எடையைக் குறைப்பதில் இன்னும் வலுவானது.

விலை எல்லோருக்கும் தெரிந்த தடை. தெரியாத தடை குளோசபின்காரர்களுக்கு. குளோசபின் குடலை மந்தப்படுத்தும், அந்த மலச்சிக்கல் முற்றி உயிரே போயிருக்கிறது. இந்த ஊசியும் குடலை மெதுவாக்கும். அதனால் இரண்டும் சேரும்போது தினம் மலம் கழிகிறதா என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும், மலமிளக்கியை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மருந்தை மாற்றவே முடியாதவர், மெட்ஃபார்மின் போட்டும் குறையாதவர், சர்க்கரை ஏறத் தொடங்கியவர், இவர்களுக்குத்தான் இது கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

## சிகரெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

ஒப்பீட்டுக்கு வெளியே என்றாலும் சொல்லியாக வேண்டும். எடையைவிட அதிக ஆயுளைத் தின்பது புகை. ஆனால் ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தினால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலை முடுக்கி மருந்தை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன, புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். காரணம் புகைதான், நிகோட்டின் இல்லை, ஆகவே நிகோட்டின் ஒட்டுப்பட்டைக்கு மாறினாலும் இதே கதைதான். தூங்கி வழிவது, எச்சில் ஒழுகுவது, குளோசபினில் வலிப்புகூட வரலாம். நிறுத்தப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் டோஸைச் சரிசெய்துகொள்வார். சிகரெட்டை விட உதவும் வரனிக்லின் மாத்திரை மனநோயைக் கிளறிவிடும் என்ற பழைய பயத்துக்கு, 8,000 பேருக்கு மேல் சேர்ந்து 2016-இல் வெளியான சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை.

## மருத்துவரிடம் போகும்போது

"குண்டாயிட்டான் டாக்டர்" என்றால் "நடக்கச் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் தேதியும் எடையும் எழுதிக்கொண்டு போங்கள். முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை, கூடவே இடுப்புச் சுற்றளவு. சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி மூன்றும் மருந்து தொடங்கும் முன், மூன்றாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறையாவது. இதுவரை போட்ட எல்லா மாத்திரையின் பெயரும், ஒவ்வொன்றும் ஏன் நின்றது என்பதும் அதே தாளில் இருக்கட்டும், மாற்றலாமா கூடாதா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் தாளின் அடியில் தம்பி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான், அரிப்பிப்ரசோலுக்கு மாறுவதற்கு முந்தின நாள் எழுதியது: "கால் தவிச்சாலும் சொல்லுவேன், குரல் வந்தாலும் சொல்லுவேன், யாரும் அழக் கூடாது." அம்மா அதன் கீழே "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பத்தாவது நாள் அழுதார்தான்.